பாலரட் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் பாலரட் ஊருக்குப் போகிறீர்கள் என்று மருமகள் சொன்னாள். பொன் தோண்டியவர்கள் அரசை எதிர்த்து நடத்திய யுரேகா கிளர்ச்சியின் கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள், அவசியம் பாருங்கள். ஆனால் பேத்தியிடம் கிளர்ச்சித் தலைவர் பீட்டர் லேலர் கதையோடு நிறுத்திவிடாதே. கிளர்ச்சியில் ஒரு கையை இழந்தவர், பின்னாளில் விக்டோரியா மாகாணச் சட்டசபையில் சபாநாயகராகவே அமர்ந்தார். அவர் புகழைப் பாட அந்த ஊரே இருக்கிறது. நீ ஜான் ஜோசப்பைப் பற்றிச் சொல்.

ஜோசப் அமெரிக்கக் கறுப்பர், பொன் தேடி வந்தவர். குன்றிமணிப் பொன் கிடைக்காவிட்டாலும் கட்டணம் கட்டி, பொன் தோண்டும் உரிமம் வாங்கியாக வேண்டும். பாலரட்டில் பொன் ஆழத்தில் கிடந்தது, மாதக்கணக்கில் தோண்ட வேண்டும். சேற்றுத் தண்ணீரில் நிற்பவனைப் போலீஸ் மேலே ஏறிவரச் சொல்லி, "தாளை எடு" என்பார்கள். நனைந்துவிடுமே என்று கூடாரத்தில் வைத்திருந்தால் அதற்கும் கைதுதான். போலீஸ் தலை தெரிந்தால் மற்றவர்களை எச்சரிக்கக் குழிக்குக் குழி "ஜோ! ஜோ!" என்று கத்துவார்களாம். அது நம் ஜோசப்பின் பெயரல்ல.

1854 நவம்பர் கடைசியில் உரிமங்களை எரித்தார்கள், மரத்தடிகளால் அரண் கட்டினார்கள். டிசம்பர் 3, ஞாயிறு, விடிவதற்குள் அரசுப் படை வந்துவிட்டது. சண்டை அரைமணி நேரம்கூட இல்லை. சுரங்கக்காரர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள்.

13 பேர் மேல் ராஜத்துரோக வழக்கு. நிரூபணமானால் தூக்கு. பிடிபட்ட மற்ற அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுத் தூதர் தலையிட்டதால் வழக்கில்லாமல் வெளியே வந்தார்கள். ஜோசப் மட்டும் உள்ளேயே கிடந்தார். அரசுத் தரப்பு முதலில் கூண்டில் ஏற்றியதும் அவரைத்தான். கறுப்பனுக்கு எந்த ஜூரி இரங்கப்போகிறது என்ற கணக்குதான் என்பது என் ஊகம். 1855 பிப்ரவரியில், மெல்போர்னில் அந்தக் கணக்கு தப்பியது. குற்றவாளி அல்ல என்றது ஜூரி. ஜனங்கள் அவரை நாற்காலியில் தூக்கிவைத்துத் தெருத்தெருவாகச் சுமந்தார்கள். தீர்ப்பைக் கேட்டு ஆரவாரித்த இரண்டு பேரை நீதிபதி சிறைக்கு அனுப்பினார். பாவம், சந்தோஷப்பட்டதற்குத் தண்டனை! மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக விடுதலையானார்கள்.

பழைய உரிமக் கட்டணமும் ஒழிந்தது, வருடத்துக்கு 1 பவுண்டு என்றானது. ஆனால் அதே 1855இல் விக்டோரியா அரசு வந்திறங்கும் சீனர்கள் மேல் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டது. இதையும் பேத்தியிடம் மறைக்காதே. அவளுக்குப் புரிகிற வயதுதான்.

ஜோசப் 1858இல் பெண்டிகோ பக்கம் இறந்துபோனார். காரில்தானே போகிறீர்கள்? ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அங்கேயும் போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
அப்பா