ஏ.வி.எம். கால்வாய்க்கு ஹவுஸ்போட் வேண்டாம், வள்ளம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம்ம குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிற ஏ.வி.எம். கால்வாயைத் தூர்வார வேண்டும், அதில் சுற்றுலாப் படகு விட வேண்டும் என்று யாராவது ஒருவர் அவ்வப்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கால்வாய்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் அப்படி ஒரு செய்தி வந்தால் நான் படிக்காமல் விடுவதில்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் தவறாமல் "ஆலப்புழை மாதிரி" என்கிறார்கள், கூடவே ஹவுஸ்போட் படம் ஒன்றையும் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஆலப்புழையில் தோடு என்று சொல்கிற ஒடுக்கமான வாய்க்கால்களுக்குள் போவது ஹவுஸ்போட் இல்லை, அதனால் போகவும் முடியாது. அது காயலிலும் அகலமான ஆற்றிலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துறைக்குத் திரும்பிவிடும். உள்ளே போவது ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய வள்ளம்தான். நமக்கு வேண்டியதும் அதுதான், அதுவும் காலை நேரத்தில் மட்டும்.

போன தை மாதம் அக்கா குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். ஹவுஸ்போட் வாடகையைக் கேட்டதும் அத்தான் முகம் போன போக்கைப் பார்த்து, லாட்ஜில் இருந்தவரே காலை வள்ளச் சவாரி ஒன்று இருக்கிறது என்று சொன்னார். ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள், கரையில் ஒரு வீட்டில் காலைச் சாப்பாடும் சேர்த்து. ஆறு மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும், ஆறே காலுக்கு வந்தால் வள்ளம் போயிருக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்களோடு பெங்களூருவிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி, அவ்வளவுதான் கூட்டம். மைக் கிடையாது, பாட்டு கிடையாது.

காலையில் ஏன் என்பதற்கு வள்ளக்காரச் சேட்டன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஹவுஸ்போட்டுகள் சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் ஒதுங்கிக் கட்டிவிட வேண்டும், அதற்கப்புறம் காயல் மீன்பிடிக்கிறவர்களுக்கு, அவர்கள் வலை போடுவார்கள். கட்டிய படகுகள் மறுநாள் காலைச் சாப்பாடெல்லாம் முடிந்துதான் அசையும். ஆக, விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை தண்ணீரில் இன்ஜின் சத்தம் குறைவு, காற்றும் இல்லை, அலையும் இல்லை. கையால் துடுப்புப் போடுகிறவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. பறவை பார்க்கிறவர்களுக்கும் இதுதான் நேரம். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி கம்பு கம்பாக உட்கார்ந்திருந்தது, மீன்கொத்தியை அக்கா மகன் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான்.

புறப்பட்டது நகரத்துக்குள் இருக்கிற வாடைக் கால்வாயிலிருந்து. அதுவும் கமர்ஷியல் கால்வாயும் காயலிலிருந்து கடல் பக்கமாக ஊருக்குள்ளே இணையாகப் போகின்றன. மலையிலிருந்து வந்த சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வெட்டியவை. இந்த நகரத்தை உருவாக்கியவர் என்று அங்கே கொண்டாடப்படுகிற திவான் ராஜா கேசவதாஸ் நம்முடைய இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் பிறந்தவர். இதை நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேட்டனுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எந்த ஊர் என்று கேட்டதுமே, "அப்ப நம்ம திவான் ஊருக்காரர்தான்" என்றார், எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கிழக்கின் வெனிஸ் என்று கர்சன் பிரபு சொன்னதாக வழக்கமாக எல்லோரும் சொல்வதையும் சொன்னார். நான் வெனிஸ் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஆலப்புழைக் கால்வாய் எல்லாம் பளிங்கு என்று சொல்ல வரவில்லை. நகரத்துக்குள் நாற்றம் இருந்தது, ஆகாயத்தாமரையும் இருந்தது. துடுப்பில் சுற்றிக்கொண்ட ஒரு பிளாஸ்டிக் சாக்கை அவர் குனிந்து எடுத்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டார், திரும்பத் தண்ணீரில் போடவில்லை. புன்னமடைக் காயலைத் தாண்டி நேரு டிராபி வார்டுக்குள் நுழைந்த பிறகுதான் காட்சி மாறியது. 1952-இல் நேரு வந்தபோது தொடங்கிய வள்ளப் போட்டியின் பெயர்தான் அந்த வார்டுக்கு. நகராட்சி வார்டுதான், ஆனால் வள்ளம் இல்லாமல் நகர முடியாத வீடுகள் அங்கே நிறைய. தோடு சில இடங்களில் நம்மூர் இடவழி அகலம்தான் இருக்கும், தாழ்ந்த நடைபாலம் வந்தால் எல்லோரும் தலையைக் குனிய வேண்டும். துடுப்பை உள்ளே வைத்துவிட்டு நீண்ட கழுக்கோலைக் கரையில் ஊன்றி, வள்ளத்தின் மூக்கு எதிலும் இடிக்காமல் வளைவில் திருப்பினார் பாருங்கள், அதற்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று. ஒரு பக்கம் வயல் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது, கடல் மட்டத்துக்கே கீழே என்கிறார்கள். வரம்பு கட்டி, பெட்டியும் பறையும் என்று ஒரு பழைய இறைப்பு அமைப்பு, அதில் மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே தள்ளித்தான் நெல் விளைவிக்கிறார்கள்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம் வயலோ பறவையோ இல்லை, வீடுகள். அந்தத் தோட்டுக் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் முகப்பு தண்ணீர்ப் பக்கம். வாசல்படி இறங்கினால் கல்படி, கல்படி முடிந்தால் தண்ணீர். செம்பருத்தி, கோழிக்கூடு, கட்டிப்போட்ட சின்ன வள்ளம், ஒரு வீட்டில் தண்ணீரைப் பார்த்தபடி தபால் பெட்டி கூட. ஒரு பாட்டி படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், சேட்டனைப் பார்த்து ஏதோ கேட்டார், இவரும் பதில் சொன்னார். பெங்களூருத் தம்பி போனைத் தூக்கியதும் சேட்டன் திரும்பிப் பார்த்து, "அது அவங்க வீட்டு முற்றம் தம்பி, கேட்டுட்டு எடுங்க" என்றார். அந்தப் பையனும் போனை மடியில் வைத்துவிட்டான். காலைச் சாப்பாடும் அப்படி ஒரு கரை வீட்டில்தான், புட்டும் கடலையும் பழமும் சாயாவும். ஹோட்டல் போர்டெல்லாம் இல்லை, அந்தச் சேச்சிக்கு இது காலை நேர வருமானம்.

இப்போது நம்ம கால்வாய்க்கு வாருங்கள். 1860-இல் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்கத் தொடங்கிய வேலை. அனந்தபத்மநாபன், விக்டோரியா ராணி, மார்த்தாண்ட வர்மா மூவர் பெயரையும் வைத்தார்கள், ஆனால் கன்னியாகுமரி வரை போய்ச் சேரவில்லை. தேங்காயும் தேங்காய் மட்டையும் கயிறும் ஏற்றிக்கொண்டு பூவார் பக்கம் போன வள்ளங்களைப் பற்றி எங்கள் பாட்டா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1956-இல் எல்லை பிரிந்தபோது கால்வாயும் இரண்டு மாநிலத்துக்குமாகப் பங்காகிப் போனது. 2016-ஆம் ஆண்டு தேசிய நீர்வழிச் சட்டத்தில் நாடு முழுக்க 111 நீர்வழிகளை அறிவித்தார்கள், அதில் 13-ஆம் எண் இதுதான், பூவார் கடற்கரையிலிருந்து இரையுமன்துறைப் பாலம் வரை 11 கிலோமீட்டர். தேசிய நீர்வழி! நீரோடிக்குப் போகிற வழியில் பாலத்தில் நின்று எட்டிப் பாருங்கள், ஆகாயத்தாமரைக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று கல்லெறிந்துதான் பார்க்க வேண்டும். சில இடத்தில் மண் போட்டு மூடியே விட்டார்கள்.

இதற்குக் காரணம் ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரோடு வந்தது, லாரி வந்தது, வள்ளம் நின்றது. வள்ளம் நின்றதும் வீடுகள் எல்லாம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன, கால்வாய் கொல்லைப்புறமாகிவிட்டது. கொல்லைப்புறத்துக்குத்தானே குளியலறைக் குழாயை விடுவார்கள்? நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று கடலோரம் முழுக்க வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிற ஊர்கள், ஒரு பக்கம் கடல் கரையைத் தின்கிறது, இன்னொரு பக்கம் கால்வாய், நடுவில் செப்டிக் டேங்க் தோண்ட இடம் எங்கே இருக்கிறது? அவர்கள் கழிவுநீர் போக ஒரு வழி செய்து கொடுக்காமல், நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் ஒன்றும் நடக்காது. தூர்வாருவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இது, ஆனால் இதைச் செய்தால் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது.

அதனால்தான் ஹவுஸ்போட் வேண்டாம் என்கிறேன். அதற்கு ஆழம் வேண்டும், அகலம் வேண்டும், நடைபாலத்தையெல்லாம் உயர்த்த வேண்டும், கோடிக்கணக்கில் திட்டம் போட்டு அது கோப்பிலேயே கிடக்கும். அப்படியே வந்தாலும் டீசலும் கழிவும் அதே தண்ணீரில்தான். கரைக்காரர்களுக்குக் கிடைப்பது இன்ஜின் புகை. எல்லைக்கு அந்தப் பக்கம் பூவாரில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாததா? கண்டல் காடும் ஆறு கடலில் சேருகிற பொழியும் அவ்வளவு அழகு, ஆனால் ரோட்டில் காரை நிறுத்தும் முன்னே ஏஜென்ட் பையன்கள் கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு துறையில், பெயர் வேண்டாம், எங்களிடம் சொன்ன விலையைப் பேரம் பேசப் பேசப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள், அப்புறம் ஏற்றிக்கொண்டு வேகமாக ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்கள். பார்த்தது என்ன என்று கேட்டால் முன்னால் போன படகின் முதுகு.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 1924-இல் பல்லனையில் படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் இறந்தார், 2009-இல் தேக்கடியில் 45 பேர், 2023 மே மாதம் தானூரில் 22 பேர். மூன்றிலும் ஏற்றக்கூடாத அளவுக்கு ஆளை ஏற்றினார்கள் என்பதுதான் பேச்சு. தானூரில் இருட்டின பிறகும் படகு ஓடியது. சின்ன வள்ளம், எண்ணி ஏற்றிய ஆட்கள், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், பகல் வெளிச்சம், இடுப்பளவுத் தண்ணீர் என்றால் பயம் பாதி குறையும். எங்கள் அத்தான் ஜாக்கெட்டைப் போடாமல் மடியில் வைத்திருந்தார், அவர் போடுகிறவரை சேட்டன் கயிற்றை அவிழ்க்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கு வருமானம் வரும் என்று சிலர் சொல்வார்கள். அது நடக்காத காரியம். நம்ம மேற்குக் கரையில் தடை ஜூன், ஜூலை, அப்போது அடிக்கிற மழையில் யார் வள்ளத்தில் உட்காருவார்கள்? சவாரிக்கு ஏற்றது மார்கழியிலிருந்து பங்குனி வரை, ஐயப்ப சீசனையும் சேர்த்து கன்னியாகுமரியில் கூட்டம் அலைமோதுகிற நேரம். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு அங்கே படகுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வருகிறவர்களுக்கு வேறு ஏதாவது காட்டியே ஆக வேண்டும். அவர்களில் நூற்றில் ஒருத்தர் மேற்கே வந்தால் போதும், அதற்குமேல் வந்தால் நமக்கே தாங்காது.

பதினொரு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். கேரளக்காரர்கள் கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீர்வழிக்குத் திட்டம் போட்டுத் துண்டு துண்டாகத்தான் வேலை பார்க்கிறார்கள். நமக்கு நீரோடியிலிருந்து வள்ளவிளை வரை முதலில் போதும். அந்தத் துண்டில் விழுகிற குழாய்களைக் கணக்கெடுத்துக் கழிவுநீருக்கு மாற்று வழி, பிறகு ஆகாயத்தாமரையை எடுப்பது, பிறகு கரைகளில் நாலைந்து இடத்தில் கல்படி. வள்ளங்களை மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெயரிலும் உள்ளூர் மீனவர் சங்கங்கள் பெயரிலும் கொடுங்கள், வெளியூர் கான்ட்ராக்டருக்கு ஏலம் விட வேண்டாம். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, ஒரு வள்ளத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை, இன்ஜின் இல்லை என்று முதல் நாளே எழுதிப் போட்டுவிடுங்கள், பின்னால் போடுகிற விதியை யாரும் மதிப்பதில்லை. கழுக்கோல் ஊன்றத் தெரிந்த பெரியவர்கள் தூத்தூர்ப் பக்கமும் இரையுமன்துறைப் பக்கமும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சம்பளம் போட்டு இப்போதே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாம். இதற்குத் தூர்வாரி முடிக்கிறவரை காத்திருக்க வேண்டியதில்லை, தேங்காப்பட்டணம் பக்கம் ஆற்றிலேயே பழகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நித்திரவிளை, குமரி மாவட்டம்.