பிரசவத் தயாரிப்பு: ஞாயிறு சந்திப்பு

எல்லோருக்கும் வணக்கம். நம் குடியிருப்பில் இப்போது 3 பேர் நிறைமாதம். போன மாதம் பக்கத்து வீட்டில் நள்ளிரவு 2 மணிக்குப் பனிக்குடம் உடைந்து, ஆட்டோவை நிற்க வைத்துவிட்டு, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய அட்டையை பீரோவில் தேடிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை 10 மணி, சி பிளாக் மொட்டை மாடி. கணவரும் மாமியாரும் கட்டாயம் வரவும்.

1. பையை இப்போதே கட்டுங்கள்: தாய் சேய் அட்டை, ஸ்கேன், ஆதார், முன் பக்கம் திறக்கும் நைட்டி 3, பழைய பருத்தி வேட்டித் துணி, பெரிய நாப்கின்.
2. பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள். வண்டி இல்லையா, 108.
3. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சர்க்கரைத் தண்ணீர், தேன் வேண்டாம்.
4. பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பூண்டுக் குழம்பு இருக்கட்டும், அதோடு பருப்பு, கீரை, முட்டையும் வேண்டும், பால் கொடுக்கிற உடம்பு அது.
5. பிரசவத்துக்குப் பிறகு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல், கடும் தலைவலியோடு பார்வை மங்கல், ஒரு கால் மட்டும் வீக்கம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் தாயின் அழுகை நிற்கவில்லை என்றால் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணைப் போடவும். ராத்திரி கார் ஓட்டித் தர முடிந்தவர்கள் "கார்" என்றும் சேர்த்துப் போடுங்கள்.