கெட்டதையும் யாராவது எழுத வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலாண்மைக் கல்லூரிகளின் ஆய்வுகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேராசிரியர்கள் தங்களுக்குள்ளேயே எழுதிப் படித்துக்கொள்கிறார்கள், வெளியே எதுவும் வந்து சேர்வதில்லை என்பது கட்டுரையாளரின் ஆதங்கம். சரி, அதில் பாதி உண்மை. எனக்கென்னவோ வந்து சேர்ந்ததை நினைத்தால்தான் கவலை.

முப்பது ஆண்டுகள் பணியாளர் துறையில் இருந்தவன் நான். காலாண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது மேலிடத்திலிருந்து கடிதம் வரும்: பயிற்சி வகுப்பை நிறுத்து, காலியிடத்தை நிரப்பாதே. காலாண்டு லாபம் குறைந்து பங்கு விலை இறங்கிவிடக் கூடாது. மேலே இருப்பவர்களின் ஊதியம் அதோடு கட்டப்பட்டிருந்தது. இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. நிர்வாகிகள் பங்குதாரர்களின் முகவர்கள், விட்டால் சொந்த நலனைத்தான் பார்ப்பார்கள் என்று மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியர்களான மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்ளிங்கும் 1976-இல் எழுதினார்கள். அப்படியானால் அவர்கள் ஊதியத்தைப் பங்குதாரரின் லாபத்தோடு இறுக்கிக் கட்டுங்கள் என்று 1990-இல் ஜென்சனும் கெவின் மர்ஃபியும் வாதாடினார்கள். அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் ஸ்டாக் ஆப்ஷன், அதாவது நிறுவனத்தின் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ள நிர்வாகிக்குத் தரும் உரிமை, கொழுத்தது. வரிச்சட்டத்துக்கும் பங்குச்சந்தைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் அதற்கான நியாயத்தை எழுதிக் கொடுத்தது கல்லூரி. மோசமான கோட்பாடுகள் நல்ல நிர்வாகத்தைக் கெடுக்கின்றன என்று லண்டன் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் சுமந்திர கோஷல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு 2005-இல் வெளிவந்தது. சொன்னவர் உள்ளே இருந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனைவிக்குச் சிறுநீரகம் தரக் கணவர் தயார், ரத்தப் பிரிவு சேரவில்லை. வேறெங்கோ இன்னொரு தம்பதிக்கும் இதே நிலை. மாற்றிக் கொடுத்தால் இரண்டு பேரும் பிழைப்பார்கள். யாரை யாரோடு சேர்ப்பது என்ற கணக்கைப் போட்டவர்களில் ஒருவர், அப்போது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இருந்த ஆல்வின் ராத். முதலில் நான்கு அறுவைச் சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். தன் மனைவிக்குக் கிடைத்த பிறகு ஒருவர் பின்வாங்கினால், கொடுத்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாதே! இப்படி யாரை யாரோடு சேர்ப்பது என்று வகுக்கும் ‘சந்தை வடிவமைப்பு’ ஆய்வுகளுக்காக ராத் 2012-இல் லாயிட் ஷேப்லியுடன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து ஆய்வை அளக்கக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். பிரிட்டனில் அதற்கு ஒரு வழி செய்தார்கள். பல்கலைக்கழக ஆய்வுகளை 2014-இல் மதிப்பிட்டபோது, வெளியுலகில் அவற்றால் என்ன மாறியது என்பதற்கு மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு; 2021-இல் அது 25 ஆனது. ஆனால் அந்த விளைவை எழுதித் தருவது யார்? அதே கல்லூரிகள். எங்கள் ஆய்வால் இத்தனை பேருக்கு வேலை போனது என்று எந்தக் கல்லூரி எழுதிக் கொடுக்கும்? அப்புறம், ஜென்சன் கட்டுரை மாதிரியான ஒன்றின் விளைவு தெரியவே இருபது ஆண்டு ஆகிறது.

ஆகவே அந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இன்னொரு பக்கம் சேர்க்கலாம். அதைத் தொழிலாளர்களும் வாடிக்கையாளர்களும் நிரப்பட்டும். உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது எங்களைப் போன்றவர்களையும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. அந்தக் காலாண்டுக் கடிதங்களில் பலவற்றை நானேதான் கீழே அனுப்பினேன். சொல்ல நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை மேலாளர் ஒருவர்