5ஏ தோட்டக்காரிக்கு

அன்புள்ள கண்ணம்மா,

புது வீட்டுப் பின்பக்கத்தை வீடியோவில் சுற்றிக் காட்டிவிட்டு, நம் ஹூஸ்டன் வேலியோரம் நிற்கிற மல்லி, செம்பருத்தி எல்லாம் அங்கேயும் வைக்கணும் என்றாய். பதில் சொல்வதற்குள் குட்டி அழ ஆரம்பித்துவிட்டான். அதனால் எழுதுகிறேன், அவன் தூங்கும்போது படி.

எந்த ஊரின் குளிரை எந்தச் செடி தாங்கும் என்று பார்க்க அமெரிக்க வேளாண்மைத் துறை போட்டிருக்கிற மண்டல வரைபடத்தில் உன் ஜிப் கோடைப் போட்டுப் பார்த்தேன். மின்னியாபொலிஸில் உன் வீடு 5ஏ, இங்கே நாங்கள் 9பி. 1 முதல் 13 வரை மண்டலங்கள், ஒவ்வொன்றும் 10 டிகிரி ஃபாரன்ஹீட் அகலம், அதில் பாதி ஏ, பாதி பி. எண் சின்னதாக ஆக ஆகக் குளிர் அதிகம். ஒரு வருஷத்தின் மிகக் குளிர்ந்த இரவு இங்கே சராசரியாக 25க்கும் 30க்கும் நடுவில் இருக்கும். உனக்கு மைனஸ் 20க்கும் மைனஸ் 15க்கும் நடுவில். இருவருக்கும் 45 டிகிரி வித்தியாசம், தாயே!

சராசரி என்பதை மட்டும் மறந்துவிடாதே. 1991 முதல் 2020 வரை ஒவ்வொரு வருஷமும் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையைக் கூட்டி வகுத்ததுதான் 2023இல் வந்த இந்த வரைபடம். அதற்குக் கீழே இறங்கும் வருஷமும் வரும். 2021 பிப்ரவரியில் ஹூஸ்டன் 13 டிகிரிக்குப் போனதே, ஊரெல்லாம் குழாய் வெடித்ததைப் பேசிக்கொண்டிருந்தது, நான் கருகிப்போன செம்பருத்தி வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் ஊர் 2012 வரைபடத்தில் 4பி. அங்கே பழைய ஆட்கள் இன்னும் 4 என்று சொல்லித்தான் செடி வாங்குவார்கள். நீயும் அப்படியே செய். விலை கூடின செடி என்றால் சீட்டில் 4 என்று இருந்தால்தான் கை வை.

சரி, மல்லிக்கு வருகிறேன். மல்லியும் நம் செம்பருத்தியும் 9க்குக் கீழே தரையில் பிழைக்காது. தொட்டியில் வை. மே பாதிக்கு மேல் வெளியே, செப்டம்பரில் இரவு 50 டிகிரியைத் தொடும் முன்னே உள்ளே. கொண்டுவரும்போது இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார். தரையில்தான் வேண்டும் என்றால் குளிர் தாங்கும் ஹைபிஸ்கஸ் ஒன்று விற்கிறார்கள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். குளிரில் தரைமட்டம் வரை காய்ந்துவிடும். வசந்தத்தில் எல்லாச் செடிக்கும் கடைசியாகத்தான் முளைக்கும், செத்துவிட்டது என்று மாப்பிள்ளை தோண்டி எறியப் போகிறார், சொல்லி வை.

கடையில் உன்னை ஏமாற்றப் போவது ஹைட்ரேஞ்சாதான். நீலமாக, பந்து பந்தாகப் பூத்திருக்கும், சீட்டிலும் 5 என்று இருக்கும். பொய்யில்லை, வேர் பிழைக்கும். ஆனால் அந்த வகையில் பலவற்றுக்கு அடுத்த வருஷத்து மொட்டு இந்த வருஷத் தண்டிலேயே உருவாகிவிடும், உங்கள் ஜனவரியில் அந்தத் தண்டு கருகும். வருஷா வருஷம் பச்சை இலையாகத் தழைத்து நிற்கும், ஒரு பூ இருக்காது. செடி பிழைக்குமா என்பதற்குத்தான் மண்டல எண்ணில் பதில் உண்டு, பூக்குமா என்பதை நீதான் விசாரிக்க வேண்டும். புதுத் தண்டில் பூக்கும் வகை எது என்று கேள். அனபெல் என்று வெள்ளையில் ஒன்று உண்டு, அது உனக்குச் சரிவரும்.

வெயிலைப் பற்றியும் அந்த எண் வாய் திறக்காது. சியாட்டிலில் பல பகுதிகள் 9ஏ, எண்ணைப் பார்த்தால் எங்களுக்கு அடுத்த வீடு. அங்கே ஜம்மென்று நிற்கும் செடி இங்கே ஆகஸ்ட் புழுக்கத்தில் துவண்டுவிடும்.

வெளியே தொட்டியிலேயே குளிர்காலம் கழிக்கிற செடி என்றால் இரண்டு மண்டலம் தள்ளி, 3க்கு ஏற்றதாக வாங்கு. சுற்றிலும் மண் இல்லாததால் வேர் வேகமாக உறையும். பனி விழுந்து மூடினால் பயப்படாதே, அது செடிக்குக் கம்பளி. பனியே இல்லாமல் வெறும் குளிர் அடிக்கிற வருஷம்தான் செடிகள் அதிகம் சாகும். தரை உறைந்த பிறகு காய்ந்த இலையைத் திண்டு மாதிரி பரப்பிவிடு. நடுவில் உருகி மறுபடி உறைந்தால் மண் புடைத்து வேரை மேலே தள்ளிவிடும்.

கல்வாழையும் டேலியாவும் வேண்டுமா? வை. முதல் உறைபனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்டிப் பேஸ்மென்டில் வைத்துவிடு. எனக்கு அந்த வேலைக்குப் பொறுமை கிடையாது.

ஒரு பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். பியோனி என்று பெரிய ரோஜா மாதிரி பூக்கும் செடி உன் மண்ணில் வரும். அதற்குக் குளிர் போதாததால் இங்கே பூக்காது. ட்யூலிப் கிழங்கை நாங்கள் வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜ் காய்கறி டிராயரில் வைத்து ஏமாற்றிப் பூக்க வைக்கிறோம், உனக்கு அக்டோபரில் மண்ணில் புதைத்தால் முடிந்தது வேலை. பியோனியைச் செப்டம்பரிலேயே வை. கிழங்கின் சிவப்பு முளைகள் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது, போனால் அதுவும் இலையோடு நின்றுவிடும்.

தெற்குப் பார்த்த ஜன்னலின் அகலத்தை அளந்து அனுப்பு. எத்தனை மல்லித் தொட்டி நிற்கும் என்று பார்த்துவிட்டு இங்கே பதியன் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா