அக்காவின் கணக்கு நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

வாணியம்பாடி வீட்டைக் காலி செய்தபோது, பரணில் கிடந்த தகரப் பெட்டியின் அடியில், அப்பாவின் நிலப் பத்திரங்களுக்குக் கீழே, உன்னுடைய நாற்பது பக்கக் கணக்கு நோட்டு ஒன்று அகப்பட்டது. முன்பக்கமிருந்து பார்த்தால் தனிவட்டியும் கூட்டுவட்டியும்; பின்னட்டையிலிருந்து திருப்பினால் வானம். பென்சிலால் குத்திய விண்மீன் புள்ளிகளுக்கு நடுவே, விரலால் தேய்த்துப் பரப்பிய ஒரு கறுப்புத் தீற்றலும் அதன் கீழே 'ஏப்ரல் 6, 1986, காலை 4.20' என்ற உன் குண்டுக் கையெழுத்தும் இருக்கின்றன. வாலை வரைவதற்காக நீ தேய்த்த இடத்தில் உன் விரல்ரேகை இன்னும் அழியவில்லை.

அந்த விடியல் எனக்கும் நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி எழுந்துகொண்ட நீ, எட்டு வயதுப் பையனான என்னைத் தூக்கக் கலக்கத்தோடு மொட்டை மாடிக்கு இழுத்துச் சென்று, தெற்கே தென்னை மரங்களுக்கு மேல் பஞ்சுப் பிசிறு போலத் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரத்தைக் காட்டினாய். அந்த ஆண்டு ஜனவரியில்தான், ஆலங்காயத்தைத் தாண்டி மலையேறினால் வரும் காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டு, அதற்காக உழைத்து அது முடிவதற்குள் 1982-இல் காலமாகிவிட்ட வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அங்கேதான் வேலைக்குப் போவேன் என்று நீ வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். இயற்பியல் படிக்க வெளியூர் விடுதிக்கு அனுப்ப முடியாது என்று வீட்டில் முடிவானது. உள்ளூரில் வணிகவியல், பிறகு தேர்வாணையத் தேர்வு, பிறகு சார்நிலைக் கருவூலம். நீ யாரையும் குறை சொன்னதில்லை. அதனாலேயே, உனக்கு வருத்தமில்லை என்று நாங்கள் வசதியாக நம்பிவிட்டோம். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

நோட்டைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது, "அதெல்லாம் அந்த வயசோட போச்சுடா" என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அக்கா. காவலூர் உத்தியோகம் போனது உண்மைதான். ஆனால் அந்த ஏப்ரலில் உன்னை எழுப்பியது உத்தியோகம் அல்ல. பார்க்க வேண்டும், பார்த்ததை நாளும் நேரமும் போட்டுக் குறித்துவைக்க வேண்டும் என்ற ஆசை அது. அதற்கு யாருடைய நியமன ஆணையும் தேவையில்லை.

உன்னைப் போலவே கருவூலத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்கத்தின் ஜெஸ்ஸோர் நகரில் வாழ்ந்த ராதாகோவிந்த சந்திரர், பள்ளி இறுதித் தேர்வில் தேற முடியாமல், ஆட்சியர் அலுவலகக் கருவூலத்தில் காசுகளைச் சோதிக்கும் எளிய பணியில் சேர்ந்தார். 1910-இல் ஹாலி வந்தபோது இரவு இரவாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பிறகு இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்து, ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களைத் தொடர்ந்து நோக்கத் தொடங்கினார். அந்த விண்மீன்களைக் கவனிக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேல். பகலில் கருவூலம், இரவில் வானம். அவருடைய உழைப்பை மதித்து அந்தச் சங்கம் அனுப்பிவைத்த ஆறு அங்குலத் தொலைநோக்கி பின்னாளில் வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் நம் காவலூருக்கே வந்து சேர்ந்தது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை; உன் நோட்டைத்தான் மறுபடியும் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஹாலி 2061-இல்தான் திரும்பும். அப்போது நீ தொண்ணூறைத் தொட்டிருப்பாய். ஆனால், நெப்டியூனின் பாதைக்கும் அப்பால் போன அது, 2023 டிசம்பரில் தன் தொலைவின் எல்லையைத் தொட்டுத் திரும்பி, இப்போது நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். முன்பு வந்துபோன பயணங்களில் அது உதிர்த்துவிட்டுப் போன தூசியின் ஊடாகப் பூமி ஆண்டுக்கு இருமுறை கடக்கிறது. அந்தத் துகள்கள் நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் பாய்ந்து எரிந்து எரிமீன்களாகத் தெரிகின்றன. அக்டோபரில் வருவதை நம் ஊர் மழைமேகம் பெரும்பாலும் மறைத்துவிடும். மே மாதம் ஐந்து, ஆறு தேதிகளில், விடியலுக்கு முன் கும்ப ராசியின் பக்கமிருந்து வருவதற்கு அந்தத் தடை குறைவு.

ஆகவே, இந்த மே மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. ஆலங்காயத்துக்கு மேலே, தெருவிளக்கு எட்டாத இடத்தில் நண்பர் ஒருவரின் நிலம் இருக்கிறது, அவரிடம் கேட்டுவிட்டேன். எரிமீன் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை, பாயும் போர்வையும் போதும். மூன்று மணிக்கு நான் உன்னை எழுப்புகிறேன். நோட்டின் கடைசிக் குறிப்பு 'ஏப்ரல் 14, மேகம், தெரியவில்லை' என்று முடிகிறது. அதற்குப் பிறகு பதினொரு பக்கங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன.

அன்புடன்,
உன் தம்பி