வளையல் இருந்த கையில் வாட்ச்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முழங்கால் விடவில்லை. இன்று வெயில் இறங்கியதும் திண்ணையில் நாற்காலி போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நகையை விற்றது உண்மைதான். என் மகள் உன்னிடம் ஃபோனில் அழுததும் எனக்குத் தெரியும். "பேத்திக்கு என்று வைத்திருக்கக் கூடாதாம்மா" என்று என்னிடமும் கேட்டாள். இரண்டு முழங்காலுக்கும் மூட்டு மாற்று அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை கடன் வாங்கித் தருகிறேன் என்றார். பீரோவில் பதினொரு பவுன் சும்மா கிடக்கும்போது அவர் எதற்குக் கடன்படணும்? என் வளையலை என் காலுக்காக விற்றேன். இதில் அழ ஒன்றும் இல்லை என்று நீயும் அவளுக்குச் சொல்.

உனக்கும் விற்க வேண்டியிருக்கிறது, மருமகள் என்ன நினைப்பாளோ என்று தயங்குகிறாய். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஏமாறாமல் விற்பது எப்படி என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். கல்லாவில் இருந்தவர் வளையலை வாங்கிக் கண்ணாலேயே பார்த்து, "பழைய நகைம்மா, நூற்றுக்குப் பதினைந்து கழியும்" என்றார். மெஷினில் வைத்துப் பாருங்கள் என்றேன். "உள்ளே கொடுத்துவிட்டு வருகிறேன், உட்காருங்கள்" என்று எழுந்தார். நகை என் கண்ணை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முப்பது வருஷம் வாடிக்கையாக வாங்கிய கடை கமலா. வாங்கப் போனபோது காபி கொடுத்து உபசரித்தவர்கள், விற்கப் போனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள், தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரை போடும் ஹால்மார்க் மையத்துக்குப் போனேன். அங்கே நகைக்கடைக்காரர்கள் மட்டும்தான் போகலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் நகையைக் கொடுத்துச் சோதித்து ரிப்போர்ட் வாங்கலாம். நான்கு உருப்படி வரை 200 ரூபாய், அதற்கு மேல் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய். இதை நீ முதலில் செய். கையில் அந்தத் தாள் இருந்தால் கடையில் உன் குரலே வேறு மாதிரி இருக்கும்.

ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்கு ஒரு அதிர்ச்சி. என் கல்யாண வளையல் நூற்றுக்கு 90 பங்கு தங்கம் காட்டியது, சரி. மாமியார் கொடுத்த ஒரு ஜோடி மட்டும் 58 என்று வந்தது. பித்தளையைக் கலந்துவிட்டார்களோ, பாவம் அந்த அம்மா தெரியாமலே போட்டுக்கொண்டிருந்தார்களோ என்று மனசு கஷ்டப்பட்டது. பிறகு சின்னக்கடை வீதியில் நகை செய்யும் ஒரு வயதான பத்தர்தான் விளக்கினார். 1963 ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்த நேரம். 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 தான். மாமியார் அந்த ஜோடியைச் செய்யக் கொடுத்தது 1964-ல். கணக்குச் சரியாக இருக்கிறது! "எங்கப்பா அந்த வருஷம் பட்டறையை மூடிட்டு மூட்டை தூக்கப் போனார்" என்று அந்தப் பத்தர் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. ஊர் ஊராக ஆசாரிமார் குடும்பங்கள் பிழைப்பில்லாமல் தவித்த காலம் அது. சில வருஷத்தில் அந்த 14 காரட் வரம்பைத் தளர்த்தினார்கள், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே 1990-ல்தான் போனது. அந்த ஜோடியை நான் விற்கவில்லை. விலை குறைவு என்பதால் இல்லை, அதற்கு ஒரு கதை இருப்பது தெரிந்துவிட்டதே.

அட்டிகைதான் நிறைய இழுத்தது. கல்லோடு 32 கிராம். கல்லைப் பெயர்த்து, உள்ளே இருந்த அரக்கை உருக்கி எடுத்ததும் இருபத்து நாலரை கிராம். என் கண்முன்னாலேயே ஊதி உருக்கினார்கள். 24 கிராமும் கொஞ்சமும் கட்டியாக நின்றது. அதை மறுபடி சோதித்தால் 85. முன்பெல்லாம் பற்றவைக்கும் பொடியில் தங்கம் குறைவாக இருக்கும், அதனால் பழைய நகையை உருக்கினால் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், இறங்கத்தான் செய்யும் என்றார் பத்தர். மெஷின் மேலாகத்தான் படிக்கிறது, உருக்கிய பிறகுதான் உண்மை தெரிகிறது. ஆக 32 கிராம் என்று நாற்பது வருஷமாக நான் நினைத்திருந்தது, 22 காரட் கணக்குக்கு 22 கிராம் சொச்சம். கல்லுக்கும் அரக்குக்கும் அன்றைக்குத் தங்க விலையே கொடுத்து வாங்கியிருக்கிறோம். விற்கும்போது கழிக்கிறவர்கள் வாங்கும்போது ஏன் கழிக்கவில்லை? இதை நான் கோபமாகவே கேட்கிறேன். நம் அம்மாக்கள் யாரும் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். இப்போது வரும் புது நகையில் ஆறு இலக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் பொறித்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. அது கடைக்காரருக்குத்தான் சட்டம். நம்மிடம் இருக்கும் பழைய நகையில் அது இல்லை என்று சொல்லி விலையைக் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதே. அப்புறம், "பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்துக்கோங்க, கிராமுக்குக் கூடப் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். புது நகைக்குச் சேதாரம், செய்கூலி, அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் நம் தலையில்தான். பணம் தேவை என்றால் பணமாகவே வாங்கு. பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகத் தர மாட்டார்கள், வங்கிக் கணக்கில் போடுவார்கள். அதுவே நமக்குப் பாதுகாப்பு. வருமான வரியும் உண்டு. 2001-க்கு முந்தைய நகை என்றால் 2001 ஏப்ரல் மாத மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம், லாபத்துக்கு பன்னிரண்டரை சதவீதம். உன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்.

சரி, இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நகைப் பெட்டியின் அடியில், பஞ்சில் சுற்றி, நீ எனக்கு வாங்கி அனுப்பிய, அரசு கம்பெனியான எச்.எம்.டி.யின் வாட்ச் கிடந்தது.

ஞாபகம் இருக்கிறதா? 1980. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து நாலு மாசம். "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ஷன் வேணுமா" என்று நாள் முழுக்க ஊருக்கெல்லாம் நேரம் சொல்லிக்கொண்டிருந்த நம் இரண்டு பேர் கையிலும் வாட்ச் இல்லை. கடையில் கேட்டால் பெயர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். நீ கல்யாணமாகி பெங்களூர் போனதும் முதல் வேலையாக, நான் அனுப்பிய பணத்தில் உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கி அனுப்பினாய். என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பொருள் அது. வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

நகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது இதுதான் தோன்றியது. அத்தனையும் எனக்கு "போட்ட" நகை. அப்பா போட்டது, மாமியார் போட்டது, அவர் போட்டது. நாத்தனார் கல்யாணத்துக்கு அடகு போனது, அவர் கடை வைத்தபோது போனது, மறுபடி மீட்டது. என் கையில் இருந்ததைவிட, அடகு வைத்த கூட்டுறவுச் சொசைட்டி பெட்டகத்தில் இருந்த வருஷம் அதிகம். வாட்ச்சை மட்டும் யாரும் அடகுக்குக் கேட்கவில்லை. அது என் கையிலேயே இருந்தது.

வாட்ச் ரிப்பேர் கடைப் பையன் ஒரு சங்கதி சொன்னான், பேத்தியைத் தேடிப் படிக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். கைக்கடிகாரம் முதலில் வளையல்தானாம்! 1868-ல் ஸ்விட்சர்லாந்தின் படேக் ஃபிலிப் ஒரு ஹங்கேரிச் சீமாட்டிக்குச் செய்தது வைரம் பதித்த தங்க வளையல், நடுவில் மூடியைத் திறந்தால் சின்னக் கடிகாரம். ஆண்கள் அப்போது சட்டைப்பையில் சங்கிலி போட்டுத்தான் வைத்திருந்தார்கள், கையில் கட்டுவது பெண்கள் நகை என்று ஒதுக்கினார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் பையைத் துழாவ முடியாமல் சிப்பாய்கள் பரவலாக மணிக்கட்டில் கட்ட ஆரம்பித்த பிறகுதான் அது ஆண்பிள்ளைப் பொருள் ஆனது. நமக்கோ புளியங்கொட்டை அளவில் ஒன்று செய்து லேடீஸ் வாட்ச் என்றார்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்போமே! அதையும் டயல் உள்பக்கம் வருகிற மாதிரிதான் கட்டிக்கொள்வோம்.

1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சீகோ, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அது தங்க உறையில், ஒரு காரின் விலைக்கு வந்ததாம். அதே குவார்ட்ஸ் பிற்பாடு மலிந்துபோய், சாவி கொடுக்கிற வாட்ச்சையெல்லாம் ஓரம் கட்டியது. நம்மூரில் டைட்டன் வந்தது 1987-ல். நம் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடாவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கியது. வாட்ச் உதிரிகளை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும், அதைச் சம்பாதிக்கத்தான் அவர்கள் நகை செய்து ஏற்றுமதி செய்ய இறங்கினார்கள். இன்று அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு நகைதான். பட்டுப்புடவைக்குத் தோதாக, வளையல் மாதிரியே பட்டை வைத்த தங்க நிற வாட்ச் தொண்ணூறுகளில் வந்ததே, என் தங்கை கல்யாணத்துக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றுபோல் கட்டிக்கொண்டோமே, அதையும் கடையில் காட்டினேன். முலாம் மைக்ரான் கணக்கு, உருக்கினால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

அசல் தங்கத்தில் செய்தாலும் இதே கதைதான் போலிருக்கிறது. 2015-ல் ஆப்பிள் 18 காரட் தங்கத்தில் ஒரு வாட்ச் விற்றது, பத்தாயிரம் டாலரில் தொடக்கம். மறு வருஷமே நிறுத்திவிட்டார்கள். 2018-ல் அந்த முதல் வரிசைக்குப் புது மென்பொருளும் நின்றது. உள்ளே இருக்கும் வாட்ச் பழசாகிப் போய்விட்டது, உறையின் தங்கத்துக்குத்தான் மதிப்பு. என் பேத்தி கட்டியிருப்பது ரப்பர் பட்டையில் பெரிய டயல், நடந்த அடியைக்கூட எண்ணுகிறது. அவள் கைக்கு அது அழகாகத்தான் இருக்கிறது. தங்கம் வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை, கேட்டது அவள் அம்மா.

எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை 2016-ல் மூடிவிட்டார்கள். ரிப்பேர்ப் பையன் பழைய வாட்ச் ஒன்றைப் பிரித்து அதிலிருந்து ஸ்பிரிங் எடுத்துப் போட்டுக் கொடுத்தான். ஓடுகிறது. நாளுக்கு நாலு நிமிஷம் பின்தங்குகிறது. காலையில் பால் காய்ச்சும்போது சாவி கொடுத்து ரேடியோ மணிக்கு முள்ளைத் திருப்பிக்கொள்கிறேன். கையில் இப்போது அது மட்டும்தான்.

உன் மருமகள் விஷயம். அந்த நகை உன்னுடையது கமலா. விற்கப் போகிறேன் என்று நீயே அவளை உட்காரவைத்துச் சொல், முடிந்தால் கடைக்கும் கூட்டிக்கொண்டு போ. என் மகளை நான் கூட்டிப்போகவில்லை, விற்றுவிட்டு வந்து சொன்னேன். அவள் அழுததில் பாதி அதற்குத்தான் என்று இப்போது புரிகிறது.

அறுவை அடுத்த மாதம் பத்தாம் தேதி. அதற்கு முன்னால் ஒரு வாரம் வந்து இரு. நகையைக் கொண்டுவந்தால் அந்தப் பத்தரிடமே போகலாம். பழைய பில், ஆதார், பான் கார்டு மூன்றையும் எடுத்துக்கொள். முகூர்த்த நாளில் மட்டும் வேண்டாம், கடையில் கூட்டம் நெரியும், தராசைக் கவனிக்க முடியாது.

அன்புடன்,
ராஜி