காசு கட்டிட்டா ஓடுன மாப்ள? – வாழப்பாடி மாமாவுக்கு ஒரு கடிதம்

மாமா,

போன வாரம் காதுகுத்து பந்தியில நான் எலைக்கு தண்ணி தெளிச்சிக்கிட்டு இருக்கும்போது என் பொண்ணு நான் கோவா ரேசுல வாங்குன மெடலைக் கொண்டுவந்து உங்க கையில குடுத்துட்டா. நீங்க அதை உள்ளங்கையில வெச்சு ரெண்டு தடவை தூக்கிப் பாத்துட்டு, என்னமோ செவ்வாப்பேட்டையில முப்பது வருஷம் கொலுசுப் பட்டறை வெச்சிருந்த ஆளு கணக்கா, "வெள்ளி இல்லயே மாப்ள, ஈயமா"ன்னு கேட்டீங்க. அப்புறம் எத்தனாவதா வந்த, எவ்ளோ பணம் குடுத்தாங்கன்னு கேட்டீங்க. அவங்க குடுக்கல மாமா, நான்தான் கட்டுனேன்னு சொன்னதும் "காசு கட்டிட்டா ஓடுன?"ன்னு நீங்க கேட்ட கேள்வியில எதிர் வரிசையில இருந்தவருக்கு ரசம் மூக்குல ஏறிருச்சு. நான் பதில் சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள பாயசம் வந்துருச்சு, நீங்களும் அப்பளத்தை நொறுக்க ஆரம்பிச்சிட்டீங்க. அதனால இங்க எழுதறேன். சின்னவனை விட்டு போன்ல படிக்கச் சொல்லுங்க, நடுவுல அவன் விட்டுட்டுப் படிச்சா தலையில ஒண்ணு போடுங்க.

மொதல்ல, அது வெறும் ஓட்டம் இல்ல. கோவாவுல மிராமார் பீச்சுல 1.9 கிலோமீட்டர் கடல்ல நீந்தணும், கரையேறி அப்படியே 90 கிலோமீட்டர் சைக்கிள், எறங்கி 21.1 கிலோமீட்டர் ஓட்டம், மொத்தம் 113 கிலோமீட்டர், மைல் கணக்குல 70.3, அதனால பேரே அயர்ன்மேன் 70.3. எட்டரை மணி நேரத்துக்குள்ள முடிக்கலன்னா மெடல் கெடையாது. இதுக்கு டபுளா முழு அயர்ன்மேன்னு ஒண்ணு இருக்கு, அதை நான் செய்யப்போறது இல்ல, அத்தைகிட்ட சொல்லிருங்க.

இந்தக் கிறுக்குத்தனம் 1978ல ஹவாய் தீவுகள்ல ஆரம்பிச்சது. மொத வருஷம் 15 பேர் கெளம்பி 12 பேர் முடிச்சாங்க. ரெண்டாவதா வந்தவருக்கு ஓடும்போது தண்ணி தீந்துபோயி கூட வந்தவங்க பீரைக் குடுத்து ஓட விட்டாங்களாம். இந்த ஒரு விஷயம் உங்களுக்குப் புடிக்கும்னு தெரியும், அதான் சொன்னேன்.

பிராக்டிஸ் கதைய ரொம்ப சொல்லல, அதுல பாதி உங்களுக்கே தெரியும், ஞாயித்துக்கெழமை விடியக்காலையில பைபாஸ்ல ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தன் போறான், பாத்தா உங்க அக்கா மவன் மாதிரி இருக்கான்னு பால் வண்டிக்காரர் உங்ககிட்ட சொன்னாரே, அது நான்தான். சேலத்துல இருந்து ஆத்தூர் போய்ட்டு திரும்பினா நூறு தாண்டிரும். வாழப்பாடி தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுக்கு வண்டியத் திருப்பலாமான்னு தோணும், திருப்புனா அத்தை இட்லி வெப்பாங்க, இட்லி தின்னா பிராக்டிஸ் போச்சு. மாசத்துல ரெண்டு தடவை ஏற்காடு. அடிவாரத்துல இருட்டோட ஏற ஆரம்பிச்சா இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் எழுதியிருக்கும், அந்த நம்பரைத்தான் நான் சாமி மாதிரி பாத்துக்கிட்டு ஏறுவேன். 60 அடி பாலத்துக்கிட்ட ஒரு நாள் மூச்சு வாங்கி நின்னப்ப ஒரு கொரங்கு வந்து சட்டையோட பின்பாக்கெட்டுல இருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கிச்சு, அதோட விடல, உரிச்சுத் தின்னுட்டு தோலை என் முன்னாடியே போட்டுச்சு. மேல ஒண்டிக்கடையில மொளகா பஜ்ஜி தின்னுட்டு எறங்கறதுதான் கஷ்டமே, பனியில விரல் மரத்துப்போயி பிரேக் புடிக்கறது நம்ம கையா வேற யாரு கையான்னே தெரியாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும்தான் பயந்தேன், நீச்சலுக்கு நான் பயப்படவே இல்ல மாமா. ஏன்னா எனக்கு நீச்சல் பழக்குனது நீங்க. மெதக்கறதுக்கு முதுகுல காஞ்ச சொரபுருடைய கட்டி, இடுப்புல கயிறு போட்டு, நம்ம கெணத்து பத்தாவது படியில இருந்து புடிச்சுத் தள்ளுனீங்க, ஆறு வயசுல. நாலாவது நாள் எனக்குத் தெரியாம கயித்தை அவுத்துட்டீங்க. ஆபீஸ்ல, சைக்கிள் குரூப்புல எல்லார்கிட்டயும் நான் கெணத்து ஆளு, நீச்சல் எனக்கு தண்ணிபட்ட பாடுன்னு பீத்திக்கிட்டு இருந்தேன்.

கெணத்துல நீந்தறதுல ஒரு ரகசியம் இருக்கு, அது எனக்கே 43 வயசுல கடலுக்குள்ள போனப்பதான் புரிஞ்சுது. நம்ம கெணறு குறுக்கால 40 அடி. நாலு வீசு வீசினா எதிர் செவுரு வந்துரும், கல்லைப் புடிச்சுக்கலாம், மூச்சு விட்டுக்கலாம், மறுபடி தள்ளிக்கலாம். நான் அப்பப்ப நீச்சல் குளத்துக்குப் போனதும் அதே கதைதான், 25 மீட்டருக்கு ஒரு தடவை செவுரு. கணக்குப் போட்டுப் பாத்தேன், 1.9 கிலோமீட்டர்னா நம்ம கெணத்தைக் குறுக்கால 156 தடவை தாண்டணும், ஆனா ஒரு தடவைகூட கல்லைப் புடிக்கக்கூடாது.

அன்னைக்கு 2024 அக்டோபர் 27. விடியறதுக்குள்ள எல்லாரையும் மணல்ல வரிசையா நிக்க வெச்சாங்க, எடது கணுக்கால்ல டைமிங் சிப்பு ஒண்ணு வெல்க்ரோவுல கட்டியிருக்கும், சேலத்துக்காரனுக்கு அதைப் பாத்தா ஒத்தைக் கொலுசு மாதிரிதான் இருந்துச்சு. அஞ்சு செகண்டுக்கு சில பேர்னு விடுறாங்க. நான் ஜோரா ஓடிப்போயி விழுந்தேன். மொத நூறு மீட்டர் அலையத் தாண்டற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் யாரோ ஒருத்தர் காலு என் மூக்குல பட்டுச்சு, இன்னொருத்தர் கை முதுகுல, நான் தலைய தூக்கி வழி காட்டற மெதவைய தேடறேன், அலை தூக்குனா ஆரஞ்சு கலர்ல ஒண்ணு தெரியுது, எறக்குனா ஒண்ணுமே தெரியல, வாயத் தொறந்தப்ப சரியா ஒரு அலை உள்ள வந்துச்சு. கெணத்துத் தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆகாது மாமா, இது உப்பு, தொண்டையில இருந்து வயிறு வரைக்கும் தீ புடிச்ச மாதிரி. கையி தானா செவுத்தைத் தேடுது. நெசமா சொல்றேன், கல்லைத் தேடி கைய நீட்டுனேன். நடுக்கடல்ல.

மூச்சு மேல மட்டும்தான் போகுது, உள்ள எறங்கல. கயாக்குன்னு ஒரு சின்னத் துடுப்புப் படகுல ஒரு பையன் காவலுக்கு இருந்தான், ஒரு கையத் தூக்கி ஆட்டுனேன், வந்தான். அதைப் புடிச்சிக்கலாம், தப்பு கெடையாது, ஆனா அதைப் புடிச்சிக்கிட்டு முன்னால நகரக்கூடாது, அதுதான் ரூல். அவன் இந்தியில என்னமோ சொன்னான், கூட்டிட்டுப் போயிரவான்னு கேட்டிருப்பான் போல. எனக்கு இந்தி தெரியாததும் அன்னைக்கு நல்லதாப் போச்சு, தெரிஞ்சிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்.

அப்ப உங்க கொரல் கேட்டுச்சுன்னு எழுதுனா சினிமா ஆயிரும், அப்படியெல்லாம் ஒண்ணும் கேக்கல. ஆனா ஒடம்பு தானா ஒண்ணு செஞ்சுது. கயாக்கை விட்டுட்டு மல்லாக்கப் படுத்துக்கிச்சு. பயந்தா மல்லாக்கப் படு, காதைத் தண்ணிக்குள்ள விடு, வானத்தைப் பாருன்னு நீங்க படியில உக்காந்து பீடி புடிச்சிக்கிட்டே சொல்லுவீங்களே, அது. கெணத்துல அப்படிப் படுத்தா வானம் சதுரமா தெரியும், ஓரத்துல வேப்பமரக் கெளை ஒண்ணு, மோட்டார் ரூம் ஓடு கொஞ்சம். இங்க வானத்துக்கு ஓரமே இல்ல. முப்பது எண்ணுனேன். காதுக்குள்ள தண்ணி இரைச்சல் மட்டும் அச்சு அசல் நம்ம கெணத்துது. மூச்சு எறங்குச்சு. திரும்பிப் படுத்து, ஸ்டைல் எல்லாம் போதும்னு தவளை நீச்சல்லயே, தலைய வெளிய வெச்சுக்கிட்டு, நாய் மாதிரி பாதி, தவளை மாதிரி பாதின்னு போய்ச் சேந்தேன். 1 மணி 6 நிமிஷம். 1 மணி 10 தாண்டியிருந்தா சைக்கிளைத் தொடவே விட்டிருக்க மாட்டாங்க.

சைக்கிள் பத்தி சொல்ல பெருசா இல்ல. முன்னால போற வண்டிக்கும் நமக்கும் 12 மீட்டர் எடைவெளி விடணும், ஒட்டிப்போனா காத்து மறைஞ்சு நமக்கு லேசாயிருமாம், புடிச்சா அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சிருவாங்க. ஒரே ரோட்டுல சுத்தி சுத்தி வரணும், மேடு இருந்துச்சு, ஆனா ஏற்காடு ஏறுனவனுக்கு அது மேடா. 3 மணி 37 நிமிஷம். பிரச்சினை வேற எடத்துல இருந்து வந்துச்சு. காலையில குடிச்ச கடல் தண்ணி. வழியில சாப்புடறதுக்குன்னு ஜெல்லு பாக்கெட்டு கொண்டுபோயிருந்தேன், சக்கரைப்பாகு மாதிரி இருக்கும், ஒண்ணை முழுங்குனா வயிறு ரெண்டாத் திருப்பிக் குடுக்குது. தொண்ணூறு கிலோமீட்டர்ல ரெண்டே ரெண்டு ஜெல்லுதான் உள்ள நின்னுச்சு.

அப்ப ஓட்டம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. உச்சி வெயிலு, கடலோரப் புழுக்கம், நம்ம ஊரு வெயில்ல வேர்த்தா காத்துல காஞ்சிரும், அங்க வேர்வை வேர்வையாவே நிக்குது. நாலாவது கிலோமீட்டர்ல தொடை புடிச்சுக்கிச்சு. தண்ணி குடுக்கற எடத்துல ஐஸ்கட்டிய அள்ளித் தொப்பிக்குள்ள போட்டுக்கிட்டேன், அது காது வழியா ஒழுகுது. கோலா மட்டும் வயித்துல நின்னுச்சு, அதையும் உப்பையும் வெச்சே ஓட்டிட்டேன். ஓடுனேன்னு சொல்லக்கூடாது, நீங்க வயலுக்கு மடை மாத்தப் போற வேகம்தான் அது. ஒரு எடத்துல பிளாட்பாரத்துல உக்காந்துட்டேன், கருப்பா ஒரு பாட்டி மீன் கூடையோட நின்னு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சு, கொங்கணி, ஒண்ணும் புரியல, ஆனா மூஞ்சியப் பாத்தா நீங்க பந்தியில கேட்ட அதே கேள்விதான்னு சத்தியமா சொல்லுவேன். 3 மணி 11 நிமிஷம் ஆச்சு அந்த ஓட்டத்துக்கு.

நடுவுல நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கும், சைக்கிள்ல இருந்து ஓட்டத்துக்கும் மாறுன நேரத்தையும் சேத்து மொத்தம் 8 மணி 11 நிமிஷம். எத்தனாவதுன்னு கேட்டீங்க. அன்னைக்கு அதே ரேசுல பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யாவும் இருந்தாரு, டிவியில எல்லாம் வந்துச்சு, அவரு முடிச்சது 8 மணி 27 நிமிஷம். அவரு என்னைவிட சின்ன வயசு. ஆக ஒரு எம்.பி.யை 16 நிமிஷத்துல ஜெயிச்சிருக்கேன், ஊர்ல யாராச்சும் கேட்டா இதை மட்டும் சொல்லுங்க, மத்த ஆளுங்க எத்தனை பேர் எனக்கு முன்னாடி வந்தாங்கன்னு கேட்டா கரண்ட்டு போச்சுன்னு போனை வெச்சிருங்க.

மெடல் ஈயமான்னு எனக்கும் தெரியல, ஒரு நாள் செவ்வாப்பேட்டைக்கு கொண்டுபோயி ஒரசிப் பாத்துரலாம். பொங்கலுக்கு பொண்ணைக் கூட்டிக்கிட்டு வரேன், கெணத்துல தண்ணி எத்தனாவது படியில நிக்குதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லுங்க, போன வருஷம் மாதிரி குச்சிக்கெழங்குக்கு எறைச்சு எறைச்சு அடிமட்டத்துக்குப் போயிருந்தா சொரபுருடைக்கு வேலை இல்ல.

எவ்ளோ பணம் கட்டுனேன்னு கேட்டீங்கல்ல, அதை எழுத்துல வேணாம். சைக்கிள் வெலையும் சேத்து, வீட்ல இவ இல்லாதப்ப, கெணத்து மேட்டுல வெச்சு காதோட சொல்றேன்.

உங்க மாப்ள,
சேலம்